பெயர் எழுதாத கைப்பிடி: வீட்டில் கட்டும் வானூர்திகளின் கருவிப் பலகை வரலாறு

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்காகப் பழைய நிழற்படங்களைப் பிரித்துப் பார்த்தபோது, முதற்கூட்டத்துப் படம் ஒன்று கையில் அகப்பட்டது. பதினொருவர் நிற்கின்றனர். அவர்களுள் மூவர் யாரென்று எங்களில் எவராலும் சொல்ல இயலவில்லை. படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. எடுத்தவருக்கு அனைவரையும் தெரியும். ஆதலின் பெயர் எழுதவேண்டிய தேவை அவருக்குத் தோன்றவில்லை. அவரும் இன்று நம்மிடையே இல்லை.

அந்த வெறுமையான பின்புறம், சில காலமாக நான் படித்துவரும் வேறொரு வரலாற்றை நினைவூட்டியது. தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு வானூர்தியைக் கட்டி, அதில் தாமே ஏறிப் பறப்போரின் வரலாறு அது. அவர்கள் செய்யும் வேலைகளுள் ஒன்று, கருவிப் பலகையில் மின்கம்பிகளை இணைத்து, ஒவ்வொரு கருவிக்கும் சுவிட்சுக்கும் கைப்பிடிக்கும் பெயர் பொறிப்பது. தமிழ் கற்பிக்கும் ஒருத்திக்கு இதில் என்ன வேலை என அன்பர்கள் வினவலாம். ஒரு சொல் இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. சொல்லோடு வாழும் கவிஞர்கள் அறியவேண்டிய செய்தி என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

கட்டியவரே பறந்த காலம்

1903 டிசம்பர் 17 அன்று, வட கரோலினாவின் கிட்டி ஹாக் பகுதி மணல்வெளியில் ரைட் சகோதரர்களின் வானூர்தி 12 விநாடிகள் பறந்து 120 அடி கடந்தது. அதில் மூன்று கருவிகள் இருந்தன: நேரம் காட்டும் நிறுத்துகடிகாரம், காற்றின் ஓட்டத்தை அளக்கும் காற்றுமானி, எந்திரத்தின் சுழற்சிகளை எண்ணும் எண்ணி. இம்மூன்றும் பறந்து முடிந்தபின் கணக்கெடுக்க உதவியவை. பறக்கும்போது அவற்றைப் பார்த்து ஊர்தியை ஓட்டவேண்டிய நிலை அன்று இல்லை. அவற்றுக்குப் பெயர் எழுதவேண்டிய தேவையும் இல்லை. செதுக்கியவரும் கட்டியவரும் பறந்தவரும் அவ்விருவரே.

அக்காலத்து வானோடிகள் முகத்தில் அறையும் காற்றையும் இருக்கையில் உணரும் அழுத்தத்தையும் நம்பிப் பறந்தனர். மேகத்துள் புகுந்தவுடன் அந்நம்பிக்கை பொய்த்தது. கண்ணுக்கு அடிவானம் புலப்படாதபோது காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பு மனிதனை ஏமாற்றிவிடும். சாய்ந்து சுழன்று இறங்குபவன் தான் நேராகச் செல்வதாகவே உணர்வான். இதற்கு மாற்றாகக் கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கலாம் என்பதை 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்குக்கு அருகிலுள்ள மிட்செல் களத்தில் ஜேம்ஸ் டூலிட்டில் மெய்ப்பித்தார். அவருடைய இருக்கை முழுவதும் மூடியிட்டு மறைக்கப்பட்டிருந்தது. கால்ஸ்மன் செய்த நுண்ணிய உயரமானியும் ஸ்பெர்ரி நிறுவனத்தின் செயற்கை அடிவானமும் துணைநிற்க, வெளியுலகைக் காணாமலே எழுந்து, பறந்து, இறங்கினார். கருவிப் பலகை அன்றுமுதல் வானோடியின் கண்ணாயிற்று எனலாம். இரண்டாம் உலகப்போருக்கு முன்னரே பிரித்தானிய வான்படை ஆறு கருவிகளை ஒரே வரிசைமுறையில் அமைத்த பலகையை ஏற்றுக்கொண்டது. எந்த ஊர்தியில் ஏறினாலும் வேகமானி இருக்குமிடத்தில் வேகமானி இருக்கும். பழகிய கண் தேடவேண்டியதில்லை.

பிழை யாருடையது?

போர்க்காலத்தில் மற்றோர் உண்மை வெளிப்பட்டது. அமெரிக்கரின் பி-17 என்னும் நான்கு எந்திரக் குண்டுவீச்சு வானூர்தி, பத்திரமாகத் தரையிறங்கியபின் திடீரெனச் சக்கரம் மடிந்து வயிற்றால் தரையில் அமர்வது அடிக்கடி நிகழ்ந்தது. ஓட்டியவரின் கவனக்குறைவு என்றே எழுதப்பட்டது. 1943ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்த அல்போன்ஸ் சபானிஸ் என்னும் இளம் உளவியலாளர், ஓட்டியைவிட்டு ஊர்தியின் அறையைப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் சுவிட்சும், இறக்கையின் பின்விளிம்பில் உள்ள தட்டை உயர்த்தும் சுவிட்சும் ஒரே வடிவில் அடுத்தடுத்து இருந்தன. களைத்த கை ஒன்றை நாடி மற்றொன்றைத் தொட்டது.

சபானிஸ் கண்ட தீர்வு மிக எளியது. சக்கரத்துக்குரிய சுவிட்சின் முனையில் சிறிய ரப்பர்ச் சக்கரம் ஒன்றையும், தட்டுக்குரியதன் முனையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தினார். இருட்டிலும் விரல் படித்துக்கொள்ளும் எழுத்து அது. நன்னூல் பயின்ற நமக்கு இடுகுறிப் பெயருக்கும் காரணப் பெயருக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்து நினைவுக்கு வரும். வெறும் குமிழ் இடுகுறியாய் நின்றது. சக்கர வடிவக் குமிழ் காரணப் பெயராயிற்று.

1947இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் ஆகிய இருவரும் வானோடிகளின் பிழை எனப்பட்ட 460 நிகழ்வுகளைத் திரட்டி வகைப்படுத்தினர். ஒரு கட்டுப்பாட்டை மற்றொன்றெனக் கொண்டு இயக்கியதே அவற்றுள் மிகுதி. ஆளைப் பழிப்பதை நிறுத்தி அமைப்பைத் திருத்துக என்னும் கருத்து இங்ஙனம் வேரூன்றியது. ஆலைகளில் உருவாகும் வானூர்திகளுக்கு விதிகள் பெருகின. இன்ன கைப்பிடி இன்ன வடிவில் இருக்கவேண்டும், இன்ன குறி இன்ன இடத்தில் எழுதப்படவேண்டும் என்றெல்லாம் வரையறுக்கப்பட்டது.

கொட்டகையில் பிறந்த சிறகுகள்

ஆலைக்கு வெளியே மற்றொரு மரபு வளர்ந்துகொண்டிருந்தது. பிரான்சு நாட்டு ஆன்றி மின்யே 1934இல் வெளியிட்ட நூல், எளிய கருவிகளைக் கொண்டு எவரும் வானூர்தி கட்டலாம் என்னும் ஆசையை ஐரோப்பாவெங்கும் பரப்பியது. அமெரிக்காவில் 1953இல் பால் பொபரெஸ்னி விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். பரிசோதனை வானூர்திச் சங்கம் என அது பெயர்பெற்றது. 1955இல் அவர் ஓர் இதழில், எந்திரம் உட்பட 800 டாலருக்குள் வானூர்தி கட்டும் முறையை எழுதினார். பொருள்வளம் இல்லாதவர்க்கும் வானம் உரியது என்ற நம்பிக்கை அதனால் பிறந்தது.

1970களில் பர்ட் ருட்டான் என்னும் வடிவமைப்பாளர் இம்மரபைப் புதிய திசைக்குத் திருப்பினார். நுரைக்கட்டியைச் செதுக்கி, மேலே கண்ணாடியிழையும் பிசினும் பூசி இறக்கை செய்யும் முறையை அவர் வரைபடங்கள் கற்பித்தன. 1979இல் முதலிற் பறந்த அவருடைய லாங் ஈஸி என்னும் வானூர்தியில் சிறு இறக்கை முன்னே இருக்கும். எந்திரம் பின்னே இருந்து தள்ளும். இருவர் ஒருவர்பின் ஒருவராக அமர்வர். வரைபடத்தை வாங்கியவர்கள் பல நாடுகளில் அதனைக் கட்டினர்.

அமெரிக்கச் சட்டப்படி, பெரும்பகுதியைத் தாமே, கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்டியிருந்தால் அவ்வூர்தி பரிசோதனை வகையில் உரிமம் பெறலாம். ஏறும் வாயிலருகே ‘பரிசோதனை வானூர்தி’ என்னும் பொருள்தரும் சொல்லை இரண்டு அங்குலத்திற்குக் குறையாத எழுத்தில் எழுதவேண்டும். பயணியின் கண்ணில் படுமாறு ஓர் எச்சரிக்கையும் உள்ளே இருக்கும். ஆலையில் செய்தவற்றுக்குரிய கடும் விதிகள் பல இவ்வகைக்குப் பொருந்தா. வரைபடத்தை மாற்றிக் கட்டும் உரிமையும் கட்டுபவருக்கு உண்டு. இந்த உரிமையே இம்மரபின் உயிர். அதன் இடரும் அங்கேயே இருக்கிறது.

கம்பியும் பெயரும்

கருவிப் பலகை பெரும்பாலும் மெல்லிய அலுமினியத் தகடு. வட்டக் கருவிகளுக்கு மூன்றேகால் அங்குலத்திற்குச் சற்றுக் குறைந்த துளைகளை அறுப்பர். அதற்குமுன் அட்டையில் மாதிரி வெட்டி, இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிக் கையை நீட்டிப் பார்ப்பது பழுத்த கட்டுநர்களின் வழக்கம். கை தானே சென்று சேரும் இடமே அக்கருவிக்கு உரிய இடம்.

பலகையின் முன்புறம் அழகு. பின்புறம் கம்பிக் காடு. கம்பிகளுக்கு எண் உண்டு. எண் பெரிதானால் கம்பி மெலிந்தது. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தால் கம்பி காய்ந்து தீப்பற்றாதிருக்கவே உருகியை இடுகின்றனர். உருகி காப்பது முதலில் கம்பியை என்பது புதியவர்க்கு வியப்பளிக்கும். உறையும் ஆராய்ந்து தேர்ந்ததாய் இருத்தல் வேண்டும். வீட்டுக் கம்பிகளின் சாதாரண நெகிழி உறை எரிந்தால் நச்சுப்புகை எழும். மூடிய சிற்றறையில் அப்புகை தீயைவிடக் கொடியது. முனைகளை ஈயம் உருக்கிப் பற்றவைப்பதைக் காட்டிலும் உலோகக் குழலில் இட்டு அழுத்தி இறுக்குவதையே பலரும் விரும்புவர். ஈயம் ஏறிய இடத்தில் கம்பி விறைத்துப்போகும். இடையறாத அதிர்வில் அவ்விறைப்பின் ஓரத்தில் முறியும். தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் வேண்டும். இல்லையேல் கூரிய விளிம்பு உறையை அறுத்துவிடும். எரிபொருட் குழாயோடு கம்பியைச் சேர்த்துக் கட்டுவது பெரும்பிழை.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் அதன் பெயரோ எண்ணோ இருக்கவேண்டும். அதே பெயர் வரைபடத்திலும் இருக்கவேண்டும். கட்டும்போது இது வீண்வேலையாகத் தோன்றும். நேற்று இழுத்த கம்பியை இன்று மறப்பேனா என்று நெஞ்சு கேட்கும். பத்தாண்டு கழித்து, பலகைக்கு அடியில் தலைகீழாய்ப் படுத்து, கைவிளக்கை வாயிற் கவ்விக்கொண்டு பழுது தேடுபவன் அதே கட்டுநனாகவே இருந்தாலும், அவன் வேறு மனிதன்.

கம்பிகளுள் ஒன்றைத் தனியே சொல்லவேண்டும். சிறு வானூர்தி எந்திரங்களுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ. மின்கலத்தை நம்பாமல் தானே மின்னை ஆக்கிக்கொள்வது அது. அதனை நிறுத்தும் சுவிட்சு, அதன் கம்பியை ஊர்தியின் உலோகப் பகுதியோடு இணைத்து மின்னை வடித்துவிடுகிறது. ஆதலின் இக்கம்பி அறுந்தால், ‘நிறுத்தம்’ என்ற குறியில் சுவிட்சு இருக்கும்போதும் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும். கையால் சுழல்விசிறியைச் சற்றே திருப்பினாலும் எந்திரம் விழித்துக்கொள்ளக் கூடும். பெயர் பொறித்தது சரி. அப்பெயர் மெய்யா என்பதைச் சோதித்தறிவதும் கட்டுநனின் கடன் என்பதற்கு இஃதொரு சான்று.

இனிப் பலகையின் முன்புற எழுத்து. ஒரு காலத்தில் நெகிழிப் பட்டையில் எழுத்தை அழுத்திப் புடைக்கச்செய்யும் கைக்கருவி பயன்பட்டது. பின்னர்த் தாளிலிருந்து தேய்த்து ஒட்டும் எழுத்துகள் வந்தன. அவற்றின்மேல் தெளிந்த வார்னிஷ் பூசிக் காப்பர். இருநிற நெகிழித் தகட்டில் மேல்நிறத்தைக் குடைந்து அடிநிறத்தில் எழுத்தைத் தோற்றுவித்தல் மற்றொரு முறை. இன்று லேசர்க் கதிர் அவ்வேலையைச் செய்கிறது.

எதனால் எழுதுவது என்பதைவிட என்ன எழுதுவது என்பதே கடினம். ‘விளக்கு’ என்றால் எவ்விளக்கு? தரையிறங்கும் விளக்கா, இறக்கை நுனி விளக்கா, கருவிகளை ஒளிர்விப்பதா? ‘இடம்’ என்றால் கைப்பிடியை இடப்பக்கம் திருப்பவேண்டுமா, இடத் தொட்டியைக் குறிக்கிறதா? சுவிட்சுக்கு மேலே எழுதுவதா, கீழே எழுதுவதா? வரிசைக்கு வரிசை மாற்றி எழுதினால் ஒன்றின் பெயர் மற்றொன்றிற் சென்று ஒட்டிக்கொள்ளும். நம் வீடுகளில் சுவிட்சைக் கீழே தள்ளினால் விளக்கெரியும். அமெரிக்க வீடுகளிலும் வானூர்திகளிலும் மேலே தள்ளவேண்டும். ஆகவே இயக்கத்திற்கும் நிறுத்தத்திற்கும் குறி வேண்டும். ஈரடி வெண்பாவுக்குள் பொருளை அடக்கும் கவிஞர்க்கு இச்சிக்கனத்தின் அருமை விளங்கும்.

வேகமானியில் எழுத்தே இல்லாமல் நிறம் பேசும். பச்சை வில் இயல்பான வேகம்; வெள்ளை வில் பின்விளிம்புத் தட்டைத் தாழ்த்தக்கூடிய வேகம்; மஞ்சள் வில் காற்று அமைதியாக உள்ளபோது மட்டும்; செங்கோடு கடக்கக்கூடாத எல்லை. ஆயினும் இவ்வேலை பெரும்பாலும் இறுதியில் வருவது. ஆண்டுக்கணக்கில் உழைத்தவனுக்குப் பறக்கும் ஆசை முந்துகிறது. எழுதும் வேலை பிந்துகிறது.

1997 அக்டோபர் 12

ஜான் டென்வர் அமெரிக்கர் பெரிதும் விரும்பிய பாடகர், பாடலாசிரியர். மலைகளையும் ஊர்ச்சாலைகளையும் பாடியவர். 53 வயதினர். 2,700 மணி நேரத்திற்கும் மேல் வானூர்தி ஓட்டிய பட்டறிவு உடையவர். வேறொருவர் கட்டிய லாங் ஈஸி ஊர்தி ஒன்றை அவர் வாங்கினார். அது அவர் கைக்கு வந்த மறுநாள், கலிபோர்னியாவின் மான்டரே வானூர்தி நிலையத்திலிருந்து மாலை ஐந்து மணிக்குமேல் புறப்பட்டார்.

இவ்வகை ஊர்தியில் இடத்தும் வலத்தும் இரு எரிபொருள் தொட்டிகள் உள்ளன. எந்திரம் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்தே உண்ணும். ஒன்று தீருமுன் மற்றொன்றுக்கு மாற்ற ஒரு கைப்பிடியைத் திருப்பவேண்டும். ருட்டானின் வரைபடப்படி அக்கைப்பிடி ஓட்டியின் கால்களுக்கிடையே, கண்ணெதிரே இருக்கவேண்டியது. அந்த ஊர்தியைக் கட்டியவர் அதனை ஓட்டியின் இடத்தோளுக்குப் பின்னால் அமைத்திருந்தார். எரிபொருட் குழாய் ஓட்டியின் அறைக்குள் வரலாகாது என்பது அவர் எண்ணம். நெருப்புக்கு அஞ்சிய எண்ணம் அது. அதனைக் குறைசொல்லத் தயங்குகிறேன். ஆனால் கைப்பிடியருகே எந்தக் குறியும் இல்லை. மேல்நோக்கித் திருப்பினால் நிறுத்தம். வலப்புறம் திருப்பினால் இடத் தொட்டி. கீழே திருப்பினால் வலத் தொட்டி. கட்டியவர் இதனை நன்கறிவார். வேறு எவர் ஊகிக்க முடியும்? எரிபொருளின் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழல்களும் இருக்கைக்குப் பின்புறம், அளவுக்குறி இன்றி இருந்தன.

புறப்படுமுன் ஒரு பணியாளரும் டென்வரும் இதைப்பற்றிப் பேசினர். எட்டாத கைப்பிடியை நீட்டிப்பதற்கு இடுக்கி ஒன்றைப் பொருத்திப் பார்த்தனர், பயன்படவில்லை. பின்னாலுள்ள குழல்களைக் காண அப்பணியாளர் ஒரு கண்ணாடியைக் கொடுத்தார். எரிபொருள் நிரப்பவேண்டுமா எனக் கேட்டதற்கு வேண்டாம் என்றார் டென்வர். சிறிது நேரமே பறக்கப்போவதாகக் கூறினார்.

ஓடுபாதையைத் தொட்டுத் தொட்டு எழும் பயிற்சியை மூன்று முறை செய்தபின் கடலை நோக்கிச் சென்றார். பசிபிக் குரோவ் கரையில் நின்றவர்கள் வெடிப்பொலி போன்ற ஒன்றையும் எந்திரத்தின் ஓசை தணிந்ததையும் கேட்டனர். அப்போது ஊர்தி 350 முதல் 500 அடி உயரத்தில் இருந்தது. அக்கைப்பிடியைப் பிடிக்க வேண்டுமாயின், வலக்கையைக் கட்டுப்பாட்டுக் கோலிலிருந்து எடுத்து, உடலை முறுக்கி, இடத்தோளுக்குப் பின்னே எட்டவேண்டும். அங்ஙனம் முறுக்கும்போது வலக்கால் தன்னையறியாமல் நீண்டு வலச் சுக்கான் மிதியை அழுத்தும். ஆய்வாளர்கள் அத்தகைய ஊர்தியில் அமர்ந்து இதனைச் செய்து பார்த்து அறிந்தனர். ஊர்தி செங்குத்தாய்க் கடலில் வீழ்ந்தது.

1999இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் தன் முடிவை வெளியிட்டது. எரிபொருள் நிரப்பாமை, கைப்பிடியை நாடியபோது கவனம் சிதறி வலச் சுக்கானை மிதித்தமை ஆகியவற்றைக் காரணங்களாகக் கூறியது. குறியிடப்படாத கைப்பிடியை எட்டாத இடத்தில் வைத்தமை, குறியிடப்படாத அளவுக்குழல்கள், அவ்வகை ஊர்தியில் டென்வர் பெற்ற பயிற்சியின் போதாமை, பட்டறிவின் குறைவு ஆகியவற்றையும் துணைக் காரணங்களாகச் சேர்த்தது. உரிமம் வழங்குமுன், குறிகள் தெளிவாக உள்ளனவா, இன்றியமையாக் கைப்பிடிகள் கைக்கு எட்டுகின்றனவா என்று சோதிக்கவேண்டுமென அரசுத் துறைக்குப் பரிந்துரைத்தது.

பெயர் எழுதியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று துணிந்து கூறுதல் அறமாகாது. காரணங்கள் பல கூடிய விபத்து அது; டென்வரின் பங்கும் அதில் உண்டு. எனினும் அவ்விறுதி நொடிகளில், தோளுக்குப் பின்னே தடவிய ஒரு கைக்கு, அங்கே எழுதப்படாத சொல் எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணாமலிருக்க முடியவில்லை.

நிறைவாக

ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் இல்லை. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதும் விளங்காது. எழுதியவர்க்கும் அவர்தம் மாணாக்கர்க்கும் அது இடராகவில்லை. பாடம் அவர்கள் நாவில் இருந்தது. அந்த நா ஓய்ந்தபின் சுவடியைக் கையிலெடுத்த பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். கருவிப் பலகையின் வரலாறும் இதையே சொல்கிறது. ரைட் சகோதரர்க்குப் பெயர் வேண்டியதில்லை. அவர்கள் கட்டியதில் பிறர் ஏறிய நாளில் பெயர் தேவையாயிற்று. எழுத்து என்பது அறிந்தவன், தான் உடனில்லாத நேரத்தில், அறியாதவனுக்குச் செய்யும் உதவி.

நம் வட்டத்தின் படைப்புகளையும் நாம் இல்லாத அறைகளில், நம்மைக் காணாதவர்கள் கையிலெடுப்பர். அவர்கள் கை தடவும் இடத்தில் உரிய சொல் இருக்கவேண்டும். இம்மலர் அச்சாகி வந்ததும், பத்தாம் ஆண்டு விழாவில் எடுத்த படங்களின் பின்புறத்தில் அனைவர் பெயரையும் நானே எழுதுவதாகச் செயலாளரிடம் கூறியிருக்கிறேன். முதற்கூட்டத்துப் படத்தில் இடமிருந்து நான்காவதாகவும் ஏழாவதாகவும் எட்டாவதாகவும் நிற்பவர்களை அடையாளம் அறிந்த அன்பர்கள் அருள்கூர்ந்து தெரிவிக்க வேண்டுகிறேன்.